வறட்சியைக் கற்றுவர யாரை அனுப்புகிறோம்?

1989ஆம் ஆண்டு, நைஜர் நாட்டின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 விவசாயிகள் எல்லை தாண்டி, பக்கத்து நாடான புர்கினா பாசோவின் யாத்தெங்கா பகுதிக்குப் போனார்கள். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியில் நடந்த மண், நீர்ப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று அவர்களை அனுப்பி வைத்தது. அங்கே அவர்கள் கண்டது காய்ந்து இறுகிய தரிசில் வரிசையாக வெட்டப்பட்டிருந்த சிறு குழிகள், அவ்வளவுதான். ஊர் திரும்பியவர்களில் சிலர் தங்கள் பகுதியில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்த அதே வகைக் குழிகளை மறுபடி வெட்டினார்கள். முதல் ஆண்டில் 4 ஹெக்டேர்தான் நடந்தது. 1990இல் அது 70 ஹெக்டேர் ஆனது. அந்த ஆண்டு மழை பொய்த்தது. குழி வெட்டிய வயல்களில்தான் சொல்லிக்கொள்ளும்படி ஏதோ விளைந்தது. 1995 முடிவதற்குள் இல்லேலாவில் சுமார் 3,800 ஹெக்டேர் தரிசு இப்படி விளைநிலமானது. கைவிட்ட நிலத்தை விலை கொடுத்து வாங்க ஆள் வந்தது.

பல நாட்டு விவசாயிகள் வறட்சியைச் சமாளிக்கும் வழிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் குழுக்களை ஒருங்கிணைப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் இல்லேலாவைப் பற்றித்தான் பேசுவேன். போனவர்கள் அதிகாரிகள் அல்லர். அதே வெயிலில் அதே சோளத்தையும் கம்பையும் விதைக்கிறவர்கள். பார்க்கப் போன இடமும் ஆராய்ச்சிப் பண்ணை அல்ல, கடன்பட்டுப் பிழைக்கும் இன்னொரு குடும்பத்தின் வயல். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் ஒருங்கிணைப்பாளரின் வேலை பாதி முடிந்தது. இவை அமையாவிட்டால், எத்தனை மாநாடு நடத்தினாலும் ஒரு குழிகூடக் கூடுதலாக விழாது.

அந்தக் குழியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். யாத்தெங்காவில் அதை ஸாய் என்கிறார்கள். குழி ஒரு சாண் அகலம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகவும், அரைச் சாண் ஆழமாகவும் இருக்கும். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் கூட்டி வைப்பார்கள், வழிந்து வரும் மழைநீர் குழிக்குள்ளேயே தங்குவதற்காக. மழைக்கு முன்பே, நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வெட்டி, ஒவ்வொரு குழியிலும் எருவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறார்கள். எருவைத் தேடிக் கறையான் வருகிறது. அது குடைந்த துளைகளின் வழியாக முதல் மழை ஆழத்துக்கு இறங்குகிறது. மண் கடினப்பட்டு, பெய்த மழை முழுவதும் மேலோட்டமாக ஓடிவிடும் நிலத்தில் இதன் பயன் பெரிது. ஆனால் ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் வேண்டும். ஓர் ஆளுக்கு அது பல நூறு மணி நேர உழைப்பு. படத்தில் பார்ப்பவருக்கு அந்த உழைப்பின் பாரம் தெரியாது. அதனால்தான் விருந்தினர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, வெயில் ஏறும் முன் நான்கு குழியாவது வெட்டச் சொல்ல வேண்டும் என்பேன். அதன் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும். "கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுமா? மாடு இல்லாதவர் எருவுக்கு எங்கே போவார்? கணவர் வேலை தேடி வெளியூர் போய்விட்டால் யார் வெட்டுவது?" என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்கள்தான் கேட்பார்கள். எனவே குழுவில் பெண்கள் இல்லாத பயணத்துக்கு நான் ஒப்புதல் தருவதில்லை.

இந்தப் பழைய குழியை அகலப்படுத்தி, எருவும் சேர்த்துப் புதுப்பித்தவர்களில் பெயர் பெற்றவர் கூர்கா என்ற சிற்றூரின் யாக்கூபா சவாதோகோ. 1980களின் தொடக்கத்தில் வறட்சி தாங்காமல் குடும்பம் குடும்பமாக யாத்தெங்காவை விட்டு வெளியேறியபோது, அவர் தன் நிலத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார். தரிசில் அவர் வளர்த்த காட்டைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது அவர் 1984 முதல் நடத்திய சந்தை நாளை. ஆண்டுக்கு இரண்டு முறை அது கூடும். அறுவடை முடிந்ததும் விவசாயிகள் தங்கள் குழிகளில் விளைந்த ரகங்களின் மாதிரியைக் கொண்டுவந்து அவர் பண்ணையில் வைப்பார்கள். மழைக்கு முன் மீண்டும் வந்து, அந்த ஆண்டு எதை விதைக்கலாம் என்று பார்த்து எடுத்துப்போவார்கள். 2000 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அதில் கலந்துகொண்டன. இதை நடத்த அலுவலகமோ கோப்போ தேவைப்படவில்லை. கற்றுக்கொள்ளும் குழுவை எப்படி நடத்துவது என்பதற்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் இதுதான். கூடுவதற்கு ஒரு காரணம் இருந்தது, கூடும் நாளைப் பயிர்ப் பருவம் தீர்மானித்தது, வருகிறவர் வெறுங்கையோடு வரவில்லை.

அதே பகுதியில் ஊசெனி சோரோமே என்பவர் 1992இல் பக்கத்து விவசாயிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, சாலையோரத்துச் சரளை நிலம் ஒன்றில் குழி வெட்டக் கற்றுக்கொடுத்தார். பயிர் நன்றாக வந்தது. போகிற வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அதே முறையில், குழி வெட்டக் கற்றுக்கொடுக்கும் இருபதுக்கும் மேற்பட்ட 'ஸாய் பள்ளிகள்' உருவாயின. இல்லேலாவில் முதல் ஆண்டில் திருத்திய 4 ஹெக்டேரிலும் ஒரு வயல் பிரதான சாலையை ஒட்டி இருந்தது. சோதனை வயலுக்கு ஊரிலேயே நல்ல நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் திட்டக்காரர்களிடம் இன்னும் போகவில்லை. தேவை, எல்லோரும் தினமும் கடந்து போகிற, 'இதில் ஒன்றும் முளைக்காது' என்று எல்லோருக்கும் தெரிந்த நிலம்.

யாத்தெங்காவில் 1979இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய திட்டம் ஒன்றும் உண்டு. சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் கல் வரிசை அடுக்கினால் ஓடும் நீர் நிதானப்பட்டு மண்ணில் இறங்கும். அங்குள்ள நிலத்தின் சரிவு மிக லேசானது, கண்ணுக்குத் தெரியாது. கோடு தவறினால் நீர் ஒரே இடத்தில் சேர்ந்து மண்ணை அரித்துவிடும். அளவைக் கருவி வாங்கவோ நிபுணரைக் கூப்பிடவோ ஊரில் பணம் இல்லை. அதற்கு வழிசெய்தது நம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப். பத்திருபது மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு கம்புகளில் கட்டிவிட்டால் முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எதைக் கொண்டுபோகலாம் என்று யாராவது கேட்டால், கடைத்தெருவில் கிடைக்கக்கூடியதாகவும் பழுதானால் ஊரிலேயே சரிசெய்யக்கூடியதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஸாய் குழியின் புகழைக் கேட்டுவிட்டு 'ராமநாதபுரத்திலும் வெட்டலாமே' என்று ஆர்வத்தோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழி ஆண்டுக்குச் சுமார் 300 முதல் 800 மில்லிமீட்டர் வரை மழை பெறும், மேல்மண் இறுகிய நிலங்களுக்கு ஏற்றது. மழை அதைத் தாண்டினால் குழியில் நீர் தேங்கி வேர் அழுகும். மணற்பாங்கான நிலத்தில் குழியின் விளிம்பு சரிந்து மூடிவிடும். ராமநாதபுரத்திலோ ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. களிமண் வயலில் அந்த நேரத்தில் சிறு குழி என்ன ஆகும் என்பதை அங்குள்ள எந்த விவசாயியும் சொல்வார். அவர்களிடம் வேறொரு வித்தை இருக்கிறது. மழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, பெய்யும் முதல் மழையிலேயே பயிரை எழுப்பிவிடுகிறார்கள். கண்மாய்த் தண்ணீர் கடைசிக் கட்டத்துக்கு மிஞ்சுகிறது. சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயிகளை நாம் எப்போதும் கற்றுக்கொள்ளும் பக்கத்திலேயே உட்கார வைக்கிறோம். அவர்கள் கற்றுக்கொடுக்கும் பக்கத்திலும் உட்கார வேண்டியவர்கள்.

நாடுகள் பல சேரும்போது வேறு சிக்கல்களும் வரும். யாத்தெங்காவில் வழங்கும் மோரே மொழியில் பேசியது பிரெஞ்சுக்கு மாறி, ஆங்கிலத்துக்கு மாறி, தமிழுக்கு வந்து சேர்வதற்குள், எத்தனை கைப்பிடி எரு, எத்தனை விரல் ஆழம் என்ற விவரம்தான் முதலில் காணாமல் போகும். ஆகவே அளவை முதலில் கையால் காட்ட வேண்டும், பேச்சு பிறகு. இணையவழிக் கூட்டம் என்றால் இங்கே மாலை 7 மணி வசதி. அப்போது புர்கினா பாசோவில் பிற்பகல் ஒன்றரை, வயலிலிருந்து திரும்பி நிழலில் இருக்கும் நேரம். நடவு, அறுவடை மாதங்களில் கூட்டமே வேண்டாம். எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓய்வு மாதம் கிடையாது என்பதால், வாட்ஸ்அப் குரல் பதிவுகள் பல நேரங்களில் நேரலைக் கூட்டத்தைவிட நன்றாக வேலை செய்கின்றன. கேட்டவர் யோசித்து மறுநாள் பதில் சொல்லலாம். வடக்கு புர்கினா பாசோவில் ஆயுத மோதல்கள் தொடர்வதால், யாத்தெங்காவுக்கு இப்போது ஆட்களை அழைத்துப் போகும் நிலையும் இல்லை.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது பணம் பிரிக்கப்படும் விதத்தில்தான். வறட்சி பற்றிய சர்வதேச ஏற்பாடுகளுக்கு இப்போது குறைவில்லை. 2022 நவம்பரில் ஸ்பெயினும் செனகலும் முன்னின்று வறட்சித் தாங்குதிறனுக்கான சர்வதேசக் கூட்டணியைத் தொடங்கின. 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கை மாநாட்டில் 1,200 கோடி டாலருக்கு மேல் உறுதியளிக்கப்பட்டது. இவை நல்ல செய்திகளே. ஆனால் ஒரு பயணத்தின் செலவுக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஆலோசகருக்கு நாள் கட்டணம், மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம், விடுதிக்கு வாடகை. இரண்டு நாள் தன் வேலையை விட்டுவிட்டு, வயலைத் திறந்துகாட்டி, தோற்றதையும் மறைக்காமல் சொன்ன விவசாயிக்கு ஒரு பொன்னாடையும் நன்றிச் சான்றிதழும். அவர்தான் அங்கே ஆசிரியர். ஆசிரியருக்கு உரிய கட்டணத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். பொது இடத்தில் கொடுத்துக் கூச்சப்பட வைக்காமல், முன்கூட்டியே பேசிவைத்து, கணக்கில் வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, திரும்பி வந்தவருக்கான பணம். பயணத்தோடு திட்டம் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் கற்றதைச் சோதிக்க ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். அரை ஏக்கரில் முயன்று அது பொய்த்தால் நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு சிறு தொகை, மழை விட்டு நிலம் காய்ந்து பயிர் வாடும்போது மறுபடி பேச ஒரு தொலைபேசி அழைப்பு, அடுத்த ஆண்டு இன்னொரு சந்திப்பு ஆகியவை வரவுசெலவில் இருந்தாக வேண்டும். இல்லேலாவில் 4 ஹெக்டேர் 70 ஆனதற்கு இடையில் இருந்தது ஒரு முழு ஆண்டு.

அடுத்ததாக நான் முயன்றுகொண்டிருப்பது, வெளிநாட்டு மானாவாரி விவசாயிகள் சிலரை ராமநாதபுரத்துக்கு இரண்டு முறை வரவழைப்பது. ஆகஸ்ட் கடைசியில் புழுதி விதைப்பின்போது ஒரு முறை, ஜனவரியில் அறுவடையின்போது மறுமுறை. கடவுச்சீட்டு, விசாவுக்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டால் மார்ச்சிலேயே பெயர்களை முடிவு செய்தாக வேண்டும். வயலைக் காட்டப்போகும் குடும்பங்களுக்கான கட்டணத்தை வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.