ஆர்-22 இயந்திரத்தில் வேறு கேஸ் ஏற்றும் முன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாத நண்பகலில், பன்னீரும் வெண்ணெயும் வைக்கும் குளிரறை ஒன்றைப் பார்க்க அழைத்திருந்தார்கள். நான்கு டிகிரியில் நிற்க வேண்டிய அறை பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. ஐந்து குதிரைத்திறன் கொண்ட கம்ப்ரஸர் காலையிலிருந்து ஒருமுறைகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்திப் பார்த்தபோது உறிஞ்சு பக்கத்து அழுத்தமும் வெளியேற்றப் பக்கத்து அழுத்தமும் எந்தக் குளிரூட்டும் கேஸின் அட்டவணையோடும் ஒத்துப்போகவில்லை. உரிமையாளரிடம் விசாரித்த பிறகே விஷயம் புரிந்தது. மூன்று கோடைகளாக ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று கிலோ ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸை டாப்-அப் செய்திருக்கிறார்கள். கடைசி முறை வந்த மெக்கானிக், ஆர்-22 விலை ஏறிவிட்டதால், "22க்கு மாற்று இதுதான்" என்று சொல்லி, உள்ளே மிச்சமிருந்த ஆர்-22க்கு மேலேயே ஆர்-407சி கேஸை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு கேஸ்கள் கலந்துவிட்டால் கேஜ் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போய்விடுகிறது. எந்த அழுத்தத்தில் எந்த வெப்பநிலையில் கேஸ் கொதிக்கிறது என்று கணிக்க முடியாதபோது குளிரூட்டும் குழாய்க்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வைச் சரிசெய்யவும் முடியாது, அளவு குறைவா கூடுதலா என்று சொல்லவும் முடியாது. அந்தக் கலவையை முழுவதுமாக வெளியே எடுத்துத் தனி சிலிண்டரில் அடைத்தோம். அது மறுபடி எந்த இயந்திரத்துக்கும் உதவாது. அதன்பின் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையோடு தேடியபோது, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஃபிளேர் இணைப்பில் (குழாய் முனையை விரித்து இறுக்கும் இணைப்பு), எண்ணெய்க் கறை படிந்த இடத்தில், கசிவு கிடைத்தது. குழாயின் விளிம்பில் மயிரிழை அளவு விரிசல். அதை வெட்டி எறிந்து புதிதாக ஃபிளேர் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று கோடைகளில் அந்த விரிசல் வழியாக வெளியேறியது ஏறத்தாழ எட்டு கிலோ ஆர்-22. ஒரு கிலோ ஆர்-22 புவியைச் சூடாக்கும் திறனில் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், அந்த எட்டு கிலோ பதினான்கு டன்னுக்கு மேல் ஆகிறது. ஓசோன் படலத்துக்கு அது செய்யும் கேடு தனிக்கணக்கு.

ஆர்-22க்கு எந்த கேஸ் மாற்று என்பதே இன்று என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கசிவு எங்கே, இந்த இயந்திரத்துக்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே வர வேண்டும் என்பது என் அனுபவம்.

சட்டத்தின் நிலை பற்றித் தேவையற்ற அச்சம் பரவியிருப்பதால் அதை முதலில் தெளிவுபடுத்துகிறேன். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகள் ஆர்-22 அடங்கிய எச்.சி.எஃப்.சி குடும்பத்தின் பயன்பாட்டை 2013இல் உறையவைத்து, அடிப்படை அளவிலிருந்து 2015இல் 10 விழுக்காடு, 2020இல் 35 விழுக்காடு, 2025இல் 67.5 விழுக்காடு என்று படிப்படியாகக் குறைத்து, 2030இல் நிறுத்த வேண்டும். அதன்பின் 2040 வரை பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கு மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 விழுக்காடு அனுமதிக்கப்படுகிறது. நம் நாட்டில் 2024 டிசம்பர் 31க்குப் பிறகு புதிய கருவிகளின் உற்பத்தியில் இந்த கேஸ்களுக்கு இடமில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆர்-22 இயந்திரத்தை வைத்திருப்பது குற்றமன்று. கசிவில்லாமல், நல்ல குளிர்ச்சியோடு ஓடும் இயந்திரத்தை யாரோ பயமுறுத்தினார் என்பதற்காகப் பிரிக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். அதை இறுக்கமாகக் காத்து, ஆயுள் முடிந்ததும் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறுவதே பணத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நல்லது.

கம்ப்ரஸருக்குப் பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால், வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சரின் தகடுகள் கடற்காற்றில் உதிர்ந்துகொண்டிருந்தால், மாற்றும் செலவை அந்த இயந்திரத்தில் போடுவது வீண். கம்ப்ரஸரும் காயிலும் நல்ல நிலையில் இருந்து, இன்னும் ஆறேழு ஆண்டுகள் ஓடும் என்ற நம்பிக்கையும் இருந்தால் மட்டுமே மாற்று கேஸைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு: கேஸ் கொதித்துக் குளிரூட்டும் பாகமான எவாப்பரேட்டர் திரவத்தில் மூழ்கியே இருக்கும் வகை ஆலைகளில், கொதிநிலை நழுவும் (கொதிக்கக் கொதிக்க வெப்பநிலை ஏறும்) கலவைகளை ஏற்றக் கூடாது.

எந்த கேஸ் என்ற கேள்விக்கு வந்தால், கடைத்தெருவில் எளிதாகக் கிடைப்பதால் பலரும் ஆர்-404ஏ கேஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இது தவறான தேர்வு என்பதற்கு எண்களே சாட்சி. கண்டன்சிங் வெப்பநிலை 45 டிகிரி இருக்கும்போது ஆர்-22இன் அழுத்தம் சுமார் 235 பிஎஸ்ஐ; ஆர்-404ஏ அதே நிலையில் 280ஐத் தாண்டிவிடும். ஆர்-22இன் உச்சநிலை வெப்பம் (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கேஸ் திரவமாகாது) 96 டிகிரி, ஆர்-404ஏக்கு அது 72 டிகிரிதான் என்பதால், வேலூரிலோ திருச்சியிலோ மொட்டைமாடியில் நிற்கும் கண்டன்சர் மே மாதத்தில் 55 டிகிரியைத் தொடும்போது, குளிர்ச்சித் திறன் சட்டென்று சரிந்து மின்கட்டணம் ஏறுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றியாக வேண்டும். இவை அனைத்தையும் தாண்டி, ஒரு கிலோ ஆர்-404ஏ 3,922 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது ஆர்-22இன் இரு மடங்குக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியம் 2020லிருந்தே, 40 டன் கரியமில வாயுவுக்கு ஈடான அளவோ அதற்கு மேலோ கேஸ் கொண்ட குளிர்பதன அமைப்புகளில் புதிய ஆர்-404ஏ ஏற்றுவதைத் தடை செய்துவிட்டது. இந்தியாவும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தை 2021 செப்டம்பரில் ஏற்று, ஆர்-404ஏ அடங்கிய எச்.எஃப்.சி குடும்பத்தின் பயன்பாட்டை 2028இல் உறையவைத்து 2032லிருந்து குறைக்க உறுதி அளித்திருக்கிறது. விடைபெறும் ஒரு கேஸிலிருந்து அடுத்து விடைபெறப் போகும் கேஸுக்குத் தாவி, அதற்காக ஒரு செலவும் செய்து, பத்தாண்டுக்குள் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பதில் என்ன பயன்?

பால், காய்கறி, பூ போன்றவற்றுக்கான மிதக் குளிர் அறைகளில், நேரடி விரிவு எவாப்பரேட்டர் (திரவத்தில் மூழ்காமல், குழாய்க்குள்ளேயே கேஸ் கொதித்து முடியும் வகை) இருந்தால், நான் பெரும்பாலும் ஆர்-407சி கேஸையே தேர்ந்தெடுக்கிறேன். அழுத்தமும் திறனும் ஆர்-22க்கு நெருக்கமாக இருக்கின்றன; ஒரு கிலோவின் சூடாக்கும் திறன் 1,774. மைனஸ் 18 டிகிரி அறைகளுக்கு இது பொருந்தாது. அங்கே ஆர்-407எஃப், ஆர்-448ஏ போன்றவற்றைக் கம்ப்ரஸர் தயாரிப்பாளரின் ஒப்புதலோடு பார்க்க வேண்டும். பழைய மினரல் ஆயிலை மாற்றாமலே ஏற்றலாம் என்று விற்கப்படும் ஆர்-422டி, ஆர்-438ஏ போன்ற கலவைகள் வேலையை எளிதாக்குவது உண்மைதான், ஆனால் சூடாக்கும் திறன் ஆர்-22ஐவிடக் கூடுதல், குளிர்ச்சித் திறனோ சற்றுக் குறைவு. நீண்ட குழாய்ப் பாதை உள்ள இடங்களில் ஆயில் திரும்பி வருகிறதா என்று கண்ணாடி வழியாகக் கண்காணிக்கவும் வேண்டும்.

ஆயில்தான் இந்த வேலையின் உயிர்நாடி. ஆர்-22 மினரல் ஆயிலோடு கலந்து ஓடி, கம்ப்ரஸருக்கு அதைத் திரும்பக் கொண்டுவரும். ஆர்-407சி அவ்வாறு செய்யாது, ஆகவே பி.ஓ.இ எனப்படும் செயற்கை ஆயில் தேவைப்படுகிறது. பழைய ஆயில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சக் கூடாது. இதற்கு நான் பின்பற்றும் முறை, ஆர்-22 உள்ளே இருக்கும்போதே ஆயிலை மட்டும் வடித்துவிட்டுப் பி.ஓ.இ ஊற்றி, ஒருநாள் இரண்டுநாள் இயந்திரத்தை வழக்கம்போல் ஓடவிடுவது. ஆர்-22 புதிய ஆயிலோடும் நன்றாகக் கலப்பதால் குழாய்களில் ஒட்டியிருக்கும் பழைய ஆயிலை அதுவே கழுவிக் கொண்டுவந்துவிடும். இப்படி மூன்று முறை செய்த பிறகே ஆர்-22ஐ மீட்டெடுக்கிறேன். உரிமையாளருக்கு அறை ஒருநாளும் சூடாவதில்லை என்பது கூடுதல் ஆதாயம். பி.ஓ.இ ஆயில் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அது ஊற்றத் தகுதியற்றதாகிவிடலாம். உள்ளே போன ஈரம் ஆயிலை அமிலமாக்கி மோட்டார் சுருளை அரிக்கும். மேலும், இந்த ஆயில் குழாய்களில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்து எடுத்துவரும் என்பதால், மாற்றும் நாளில் போட்ட, ஈரத்தையும் கசடையும் பிடிக்கும் புதிய டிரையரைச் சில நாட்கள் கழித்து இன்னொரு முறை மாற்றுவதை நான் தவறுவதில்லை.

ரப்பர் வளையங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆர்-22 பல ஆண்டுகள் தொட்டுக்கொண்டிருந்த ஓ-ரிங்குகள் அதை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த உப்பலே அவற்றை இறுக்கமாக வைத்திருக்கும். புதிய கேஸ் வந்ததும் உப்பல் வடிந்து வளையம் சுருங்கி, அதுவரை ஒருமுறைகூடக் கசியாத சோலினாய்டு வால்வும் சைட் கிளாஸும் சர்வீஸ் வால்வின் ஊசியும் கசியத் தொடங்கும். "கேஸ் மாற்றியதும் மெஷினே கெட்டுப்போச்சு" என்று உரிமையாளர்கள் சொல்வதில் பாதி இந்தச் சில நூறு ரூபாய் வளையங்களைச் சார்ந்தது. கேஸை எடுத்துவிட்டு அமைப்பு காலியாக இருக்கும் அந்த ஒரு நாளிலேயே எல்லா வளையங்களையும் மாற்றிவிட வேண்டும். பழைய ஹேலைடு விளக்கைக் கொண்டு அதன்பின் கசிவு தேடுவதும் வீண். அது குளோரினைத்தான் அறியும், புதிய கேஸில் குளோரின் இல்லை.

அழுத்தச் சோதனைக்கு ரெகுலேட்டர் பொருத்திய நைட்ரஜன் மட்டுமே. பக்கத்தில் வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று அதைத் திறந்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சந்தித்தால் கம்ப்ரஸர் வெடிகுண்டாகும். பிறகு பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுக்கும்போது வாக்குவம் 500 மைக்ரானுக்கு (மிக நுண்ணிய அழுத்த அலகு) இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். சாதாரண கேஜின் முள் கீழே தொட்டுவிட்டது என்பது வாக்குவம் ஆகாது.

ஆர்-407சி மூன்று கேஸ்களின் கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும். இதே காரணத்தால் ஒரே அழுத்தத்தில் அது கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் கொதித்து முடியும் வெப்பநிலைக்கும் சுமார் ஆறு டிகிரி வித்தியாசம் இருக்கிறது. அட்டவணையில் இரண்டு பத்திகள் இருப்பது இதனால்தான். சூப்பர்ஹீட், அதாவது கொதித்து முடிந்த பிறகு கேஸ் கூடுதலாகச் சூடான அளவைக் கணக்கிடும்போது கொதித்து முடியும் பத்தியைப் பார்க்க வேண்டும். தவறுதலாக மற்றதைப் பார்த்தவர், சூப்பர்ஹீட் கூடுதலாக இருப்பதாக எண்ணி வால்வைத் திறந்துவிடுவார், திரவம் கம்ப்ரஸருக்குள் புகுந்து வால்வுத் தகடுகளை உடைத்துவிடும். பழைய அளவில் 90 விழுக்காட்டில் நிறுத்தி, எடை பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே பாதுகாப்பு.

ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல விரும்புகிறேன். விலை குறைவு, மின்சாரம் மிச்சம் என்று கூறி ஆர்-22 இயந்திரத்தில் புரொப்பேன் வகை கேஸையோ, அதைவிட மோசமாகச் சமையல் எரிவாயுவையோ ஏற்றுகிறார்கள். ஆர்-290 எனப்படும் புரொப்பேன் சிறந்த கேஸ்தான். அதற்கென்றே வடிவமைத்த சிறு ஃபிரீசர்களில் 150 கிராம் போன்ற குறைந்த அளவில், தீப்பொறி எழாத மின்பாகங்களோடு அது பாதுகாப்பாக ஓடுகிறது. எட்டு கிலோ ஆர்-22 பிடித்த அமைப்பில் அதை ஏற்றினால் மூன்றரை கிலோ அளவுக்குப் பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், ஒன்பது அடி உயரமுள்ள அறையின் காற்றை எரியும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.2 கிலோ புரொப்பேன் போதும். கதவை மூடிய அந்த அறைக்குள்ளேதான் உறைபனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரும், விசிறியும், விளக்கும் இருக்கின்றன. அரிசி மூட்டை தூக்குவதுபோல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர்கள் உள்ளே போய் வருகிறார்கள்.

சிலிண்டர் வாங்குமிடத்திலும் கவனம் வேண்டும். 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் ஏற்றப்பட்ட குளிர்சாதனக் கப்பல் பெட்டிகள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்த வாயு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதுமே பற்றிக்கொள்ளும் பொருளாக மாறியிருந்தது. ரசீதும் தயாரிப்பு எண்ணும் இல்லாத சிலிண்டரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வண்டியில் ஏற்றுவதில்லை.

பன்னீர் அறைக்குத் திரும்புகிறேன். கலவை முழுவதும் வெளியேறிவிட்டதால் அங்கே ஆர்-22ஐக் கொண்டு ஆயிலைக் கழுவும் வழி இல்லாமல் போயிற்று; கம்ப்ரஸரையும் ரிசீவரையும் கழற்றி ஆயிலை வடித்து, குழாய்களை நைட்ரஜனால் ஊதித் துடைத்து, முதல் மாதத்தில் இரண்டு முறை பி.ஓ.இ ஆயிலை மாற்றினோம். வேலை முடிந்த அன்று மாலை அறை நான்கு டிகிரிக்கு வந்தது. கம்ப்ரஸரின் மேல் ஒரு வெள்ளைத் தகட்டை ஒட்டி, அழியாத மையில் கேஸின் பெயர், ஏற்றிய எடை 7.4 கிலோ, ஆயிலின் வகை, தேதி ஆகியவற்றை எழுதி, ஆர்-22 ஏற்றக் கூடாது என்று சிவப்பில் சேர்த்தேன். சென்ற கோடையில் வேறொரு மெக்கானிக் விசிறி மோட்டாரை மாற்றப் போனவர், அந்தத் தகட்டைப் படித்துவிட்டு, தன் வண்டியிலிருந்து எடுத்து வந்த ஆர்-22 சிலிண்டரைத் திருப்பி வைத்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் பேசினார்.