யாருக்கு எந்தப் புத்தகம்? எல்லையோர நூலக மேசையிலிருந்து சில குறிப்புகள்

"நல்ல புத்தகமா ஒண்ணு தாருங்க சாரே." குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில், களியக்காவிளையை ஒட்டிய விளவங்கோடு வட்டாரத்தில், ஒரு சிறிய கிளை நூலகத்தின் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளியில் படித்து இன்றும் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கும் முதியவர் என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும், அவர்கள் கேட்பது ஒரே புத்தகத்தை அல்ல. நம்மில் பலர் நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் புத்தகம் பரிந்துரைக்கிறோம்; அப்போது நமக்குப் பிடித்ததையோ, உயர்ந்தது என்று நாம் கேள்விப்பட்டதையோ எடுத்து நீட்டிவிடுகிறோம். அதனால் நேரும் சேதம் வெளியே தெரிவதில்லை, ஏனென்றால் அந்த வாசகர் சண்டை எதுவும் போடாமல் வாசிப்பதை நிறுத்திக்கொள்கிறார்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாம் விதி. பயிற்சிக் காலத்தில் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அவற்றின் பொருள் எனக்கு விளங்கியது ஒரு தவறு செய்த பிறகுதான்.

பணியில் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து பேய்க்கதை வேண்டும் என்று கேட்டான். "பேய்க்கதை எல்லாம் எதுக்கு மக்கா, இதைப் படி" என்று சொல்லி, நான் பெரிதும் மதித்த, அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட நாவல் ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். இரண்டாம் நாளே அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனவன் அதன் பிறகு நூலகத்துக்கு வரவே இல்லை. அவனுடைய உறுப்பினர் அட்டை நெடுநாள் எங்கள் பெட்டியில் கிடந்தது. இன்று அவன் வந்து கேட்டால், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' கதையைத் தயங்காமல் கொடுப்பேன். தமிழில் பயத்தை அவ்வளவு சிக்கனமாக எழுதிய கதைகள் குறைவு, அது ஒரே இரவில் படித்து முடிக்கக்கூடியதும்கூட. அடுத்ததாக, குமரி மாவட்ட நாட்டார் வழக்காறுகளைத் தேடித் தேடித் தொகுத்த அ. கா. பெருமாளின் 'சுண்ணாம்பு கேட்ட இசக்கி'யைக் கொடுத்திருப்பேன். பாட்டி சொன்ன இசக்கியும் கள்ளியங்காட்டு நீலியும் ஆய்வு நூல்களிலும் உலவுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பையன், பேயிலிருந்து வில்லுப்பாட்டுக்கும், அங்கிருந்து ஊர் வரலாற்றுக்கும் தானாகவே நடந்து போயிருப்பான். பேய்க்கதையும் துப்பறியும் கதையும் படக்கதையும் கீழ்ப்படிகள், இலக்கிய நாவல் மேல்படி என்ற எண்ணத்தை நான் கைவிட்டது அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்தப் படக்கதைகளில் எழுத்துக் கூட்டப் பழகி, பிறகு பெரிய நாவல்களுக்கு வந்த வாசகர்கள் எங்கள் நூலகத்திலேயே இருக்கிறார்கள்.

அண்டி ஆபீஸில் வேலை செய்யும் ஓர் அக்கா, வாரம் இரண்டு ரமணிசந்திரன் நாவல்களை எடுத்துப் போவார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவருடைய விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கறை ஏறிவிடக் கூடாது என்பதற்காக, எடுத்துச் செல்லும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழைய நாளிதழில் அட்டை போட்டு, திருப்பித் தரும்போது அந்த அட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட வாசகரிடம் போய், இதையெல்லாம் விட்டுவிட்டு நல்லதாகப் படிக்கக் கூடாதா என்று கேட்பது பெரிய அவமரியாதை. அவர் காதல் கதையை விரும்புகிறார், முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆவலோடு வாசிக்கிறார், தவறாமல் வாசிக்கிறார். வாசிப்புக்கு வேண்டிய எல்லாமே அவரிடம் இருக்கிறது. ஒருநாள் அவர் எடுத்த இரண்டு புத்தகங்களோடு மூன்றாவதாக, ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலையும் வைத்து, "இதுவும் ஒரு காதல் கதைதான் அக்கா, நம்ம ஊர்க்காரங்க கதை, பிடிக்கலேன்னா பாதியிலேயே கொண்டு வந்திருங்க" என்று மட்டும் சொன்னேன். 1964இல் வெளிவந்த அந்த நாவல், பனையேறும் மக்கள் வாழும் விளவங்கோட்டுக் கிராமத்தில், வளர்ந்துவிட்டாள் என்பதற்காக வீட்டுக்குள் நிறுத்தப்படும் லிஸி என்ற பெண்ணின் கதை. அடுத்த வாரம் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, "எங்க அம்மை பேசுத பேச்சு அப்படியே இருக்கு சாரே, இப்படியும் புத்தகத்துல எழுதலாமா?" என்று கேட்டார். அவர் ரமணிசந்திரனை விடவில்லை, விட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அதன் பிறகு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வரை வந்தார். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் கைகளைப் பற்றிப் படித்துவிட்டுத் தன் கைகளைப் பற்றி என்னிடம் அன்று அவர் பேசிய அரைமணி நேரத்தை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, அவரவர் வாழ்க்கையைப் பேசும் நூலைக் கொடுத்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தேன். அதுவும் தவறு என்று காட்டியவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. ஜூன் மாதத்தில் மழை பிடித்துவிட்டால் வெட்டு நின்றுபோகும்; அந்த நாள்களில்தான் அவர் நூலகத்துக்கு வருவார், நகக்கண்களில் காய்ந்த பால் இழை இழையாக ஒட்டியிருக்கும். ஜெயமோகனின் 'ரப்பர்' நாவலை ஆவலோடு எடுத்து நீட்டினேன். தலைப்பைப் படித்தவர், "காலத்தே எழும்பி இந்த மரத்தைத்தானே பாக்கேன், வீட்டுல போயும் ரப்பரா சாரே?" என்று கேட்டு அதை மேசையில் வைத்துவிட்டார். அந்த நாவலில் எந்தக் குறையும் இல்லை, அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் அது வேண்டாம் என்பதுதான் செய்தி. பிறகு அவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, இருட்டு விலகுவதற்கு முன்பே தலைவிளக்கோடு தோட்டத்துக்குள் போகிறவர் என்பதால், எந்தப் பறவை முதலில் கூப்பிடும், எது அடுத்தது என்று வரிசையாகச் சொன்னார். பறவைகளையும் காட்டுயிர்களையும் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பான 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலைக் கொடுத்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் அது அவரிடமே இருந்தது. இரண்டு முறை புதுப்பித்துக் கொடுத்தேன். கதை படிக்காதவர்களை வாசிக்காதவர்கள் என்று நாம் தள்ளிவிடுகிறோம். அவர்களில் பலர் கட்டுரைக்கும், தன்வரலாற்றுக்கும், இயற்கை பற்றிய எழுத்துக்கும் உரிய வாசகர்கள்.

ஆகவே இப்போது நான் எதையும் எடுத்து நீட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக எந்தப் புத்தகத்தை, அல்லது எந்தப் படத்தை, எந்தத் தொடரைக் கீழே வைக்க மனமில்லாமல் முடித்தீர்கள்? எதைப் பாதியில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்? எப்போது வாசிப்பீர்கள், பேருந்திலா, இரவில் படுக்கையிலா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு அதிகம் உதவுகிறது, ஏனென்றால் பிடித்ததைச் சொல்லும்போது மனிதர்கள் கொஞ்சம் மரியாதைக்காகப் பேசுகிறார்கள். பிடிக்காததைச் சொல்லும்போது உண்மையைப் பேசுகிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பேருந்தில் போகிறவருக்குச் சிறுகதைத் தொகுப்பு பொருந்தும். கண்புரை அறுவைக்குக் காத்திருப்பவருக்கு எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் பொடி எழுத்தில் இருந்தால் பயனில்லை.

2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் வந்தபோது, அந்த நாவலைக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்து மாளவில்லை. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த, ஐந்து பாகம் கொண்ட கதை அது; வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களுக்கு இருந்த பொறுமையை, முதல்முறையாக நாவல் தொடும் ஒருவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. முதல் பாகத்தோடு நின்றவர்கள் எங்களிடம் பலர். அப்படி நின்றவர்களுக்கு ஒரே புத்தகமாக முடியும் 'பார்த்திபன் கனவு' நல்ல தொடக்கம். ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்பவர்களிடம் இன்னொரு சரித்திர நாவலை நீட்டாமல், நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலை நீட்டுகிறேன், கூடவே முஞ்சிறைக்கு அருகில் இருக்கும் பார்த்திவசேகரபுரம் கோயிலுக்கு ஒருமுறை போய் வரச் சொல்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு சாலையை, அதாவது உறைவிடக் கல்விக்கூடத்தை, காந்தளூர்ச் சாலையின் முறையில் அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை என்ற பெயர், தன் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தொலைவில் உள்ள ஒரு கோயிலோடு தொடர்புடையது என்று தெரிந்த பிறகு, வரலாற்று நூல் தடிமனாகத் தோன்றுவதில்லை.

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் வாசகர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூத்தூர் வட்டாரத்தவர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். தமிழில் கடல் நாவல்கள் வளமானவை: வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', தேங்காய்ப்பட்டணத்து வாழ்வை எழுதிய தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் 'செம்மீன்'. இவற்றை ஒரு மேசையில் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்து, போனவர்களில் பலர் திரும்பாத அந்த நாள்களில், அந்த அடுக்கை நானே எடுத்து உள் அலமாரியில் வைத்தேன். கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் நடத்தையில் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட 'செம்மீன்' எவ்வளவு பெரிய படைப்பாக இருந்தாலும், கணவனை இழந்து நிற்கும் பெண்ணின் கண்ணில் அது படும்படி வைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது; இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சில மாதங்கள் கழித்து அந்த ஊர்களில் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண், சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தேவனின் 'துப்பறியும் சாம்பு' கொடுத்தேன். துக்கத்தில் இருப்பவருக்குத் துக்க நூல்தான் ஆறுதல் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. அவர் வாய் திறந்து கேட்கும் வரை காத்திருப்பதே முறை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் நாவலைப் பற்றிப் பேசினால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. அவர்களுக்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் ஓர் அத்தியாயத்தைக் காட்டுவேன். பாடத்திட்டத்துக்குள்ளே நிற்கிற நூல் என்பதால் குற்ற உணர்வில்லாமல் படிப்பார்கள். கவிதை என்றால் ஒதுங்குகிறவர்களுக்குத் தேரூர் தந்த கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னிடம் உள்ள மருந்து. ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் வீட்டுக் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அதைக் கவிதை என்று சொல்லாமலே கொடுத்துவிடலாம்.

எல்லையோரத்துக்கே உரிய இன்னொரு வகை வாசகர் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் இந்தத் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன்பு திருவிதாங்கூர்ப் பள்ளிகளில் மலையாளத்தில் படித்தவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ், கை பழகிய எழுத்து மலையாளம். அவர்களுடைய பேரப் பிள்ளைகளோ மலையாளப் படத்தைத் துணைத் தலைப்பில்லாமல் புரிந்துகொள்வார்கள், ஆனால் அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. இரு தரப்பாரையும் அரை வாசகர்கள் என்று நினைப்பது தவறு. எங்கள் வாசகர் ஒருவர், எண்பது கடந்தவர், எங்கள் நூலகத்தை இன்றும் வாயனசாலை என்றே சொல்வார். அவருக்குத் தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் ஒரு பக்கத்துக்குள் தளர்ந்துபோவார். வைக்கம் முஹம்மது பஷீரின் 'பால்யகாலசகி'யை, எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கம் இருக்கும் உறவினர் மூலம் மலையாளத்தில் வரவழைத்துக்கொண்டார். குளச்சல் மு. யூசுஃபின் தமிழ் மொழிபெயர்ப்பை அவருடைய பேரன் என்னிடமிருந்து எடுத்துப் போனான். ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று ஆசிரியர் கேட்க, மஜீது, கொஞ்சம் பெரிய ஒன்று என்று பதில் சொல்லும் இடத்தைத் தாத்தா மலையாளத்தில் சொல்ல, பேரன் தமிழில் தேடிக் காட்ட, யாருடைய சொல் பொருத்தமானது என்று இருவரும் என் மேசைக்கு முன்னால் நின்று வாதாடினார்கள்.

நீங்களும் யாருக்காவது புத்தகம் கொடுக்கும்போது, முடித்துவிட்டாயா என்று இரண்டாம் நாளே கேட்காதீர்கள். படிக்காமல் திருப்பித் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துவிட்டு, எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் விசாரியுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நீங்கள் தேடிய நூல் இல்லையென்றால், நூலகரிடம் வாசகர் பரிந்துரைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதி, யார் படிப்பதற்காக என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நூல் வந்து சேரும் நாளில், அதை எந்த வாசகருக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்கிறேன்.