ஒன்பது அங்குலப் படிக்கு ஒன்பதடிச் சாய்தளம்

வீல்சேர் வீட்டுக்கு வந்த முதல் நாள் அது கூடத்தில் நன்றாகத்தான் சுற்றும். மறுநாள் காலை குளியலறை வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குளியலறைக்கு இரண்டடி, மிஞ்சினால் இரண்டேகால் அடியில்தான் கதவு வைத்திருப்பார்கள். 60-லிருந்து 68 செ.மீ. இருக்கை 18 அங்குலமுள்ள சாதாரண மடக்கு வீல்சேரின் மொத்த அகலம், தள்ளும் வளையத்தையும் சேர்த்தால், 65 செ.மீ.யை ஒட்டி வரும். திறந்து கிடக்கும் கதவின் தடிமன் வேறு மூன்று செ.மீ.யைத் தின்றுவிடும். வளையத்தைப் பிடித்திருக்கும் கைமுட்டிக்கு இடமே மிஞ்சாது.

உடனே சுவரை இடிக்க மேஸ்திரியைக் கூப்பிட வேண்டாம். முதலில் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டுப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், பெரிதாக இருப்பது நாற்காலிதானா என்று பாருங்கள். பலருக்கு 18 அங்குல இருக்கை தேவையே இல்லை. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை அளந்து, அதோடு இரண்டு செ.மீ. சேர்த்தால் அதுதான் அவருக்கான இருக்கை. 16 அங்குலம் போதுமானவர் 18-ல் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பார். அந்தப் பக்கத்து இடுப்பெலும்புக்குக் கீழே தோல் சிவக்கும். வளையத்தை எட்டக் கையை விரித்து விரித்துத் தோள்பட்டை தேயும். கால் செய்ய வேண்டிய வேலையையும் தோள்தான் செய்கிறது, அது போனால் மாற்று கிடையாது. இருக்கையின் ஆழத்துக்கும் கணக்கு உண்டு: முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். முகாமில் நாற்காலி வாங்கும்போதே இந்த அளவுகளைச் சொல்லிக் கேளுங்கள். இலவசமாக வந்ததில் குறை சொல்லக் கூடாது என்ற கூச்சத்துக்கு உடம்பு கொடுக்கும் விலை பெரிது.

தனித்து வாழ்வது என்றால் எல்லாவற்றையும் தானே செய்வது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டை, பேன்ட் மாட்ட ஒன்றரை மணி நேரம் போராடிவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போதே களைத்துப் போகிறவர்களைப் பார்க்கிறோம். பதினைந்து நிமிடம் ஒருவர் உதவினால் அந்த நேரம் கைக்கு வரும். எப்போது எழுவது, யார் தொட்டுத் தூக்குவது, சம்பளப் பணத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் யார் என்பதே கேள்வி. எனவே உதவியாளருக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் திறமையும் தனித்து வாழும் பயிற்சியில் சேர்த்திதான்: "தூக்குங்கள்" என்று சொன்னால் போதாது, "பிரேக்கைப் போடுங்கள், கால்மிதியை மடக்குங்கள், அக்குளில் கை கொடுக்காமல் இடுப்புப் பட்டையைப் பிடியுங்கள், மூன்று எண்ணுகிறேன்" என்று வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

வாசலுக்கு வருவோம். சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு, 12-க்கு 1. ஒரு அங்குலம் ஏற ஓரடி ஓட்டம் வேண்டும். ஒன்பது அங்குலப் படிக்கு ஒன்பதடி. ஆறு அங்குலத்தில் மூன்று படி இருந்தால் பதினெட்டு அடி, அதற்கு மேலும் கீழும் திரும்பி நிற்க ஐந்தடிச் சமதளம். சாக்கடையை ஒட்டியே வாசல் வைத்திருக்கும் நம் தெருக்களில் இவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? பக்கச் சந்தில் எல் வடிவத்தில் திருப்பலாம். பின்கட்டு வாசல் தாழ்வாக இருந்தால் அதையே தலைவாசலாக்கலாம். இடமில்லை என்று நாலடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டால் தனியாக ஏறுபவர் பின்பக்கமாகக் குடைசாய்வார். நாற்காலியின் முன்சக்கரம் தரையை விட்டு எழுவதை உணரும்போது முன்னால் குனியக்கூட நேரம் இருக்காது.

மேற்பரப்பில் பளபள டைல்ஸ் வேண்டாம். வாசல் தெளித்த ஈரத்தில் டயர் வழுக்கும். ஈரச் சிமெண்டின் மேல் துடைப்பத்தை இழுத்த சொரசொரப்பு போதும். ஆழமாகக் கோடு கீறினால் அதில் முன்சக்கரம் தட்டும். இரண்டு ஓரத்திலும் மூன்று அங்குலத்துக்குச் சிறு கட்டை கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டினால் ஆளே கீழே.

இனி கழிவறை. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடித்து விழுபவர்கள் அநேகம். கைப்பிடிக்கு 32-லிருந்து 40 மி.மீ. தடிமனுள்ள குழாய், சுவரிலிருந்து நாலைந்து செ.மீ. இடைவெளி, ஆங்கர் போல்ட். ஹாலோ பிளாக் சுவரென்றால் ஆங்கர் பிடிக்காது. மறுபக்கம் வரை துளைத்துத் தகடு வைத்து முறுக்க வேண்டும். கம்மோடின் உயரமும் குஷனோடு சேர்த்து நாற்காலியின் உயரமும் சமமாக இருப்பது நல்லது. கம்மோட் தாழ்ந்திருந்தால் போவது சுலபம், திரும்புவது மலையேற்றம். அடியில் கான்கிரீட் மேடை போட்டு உயர்த்திவிடலாம். நாற்காலியிலிருந்து கம்மோடுக்கு நகர்வதற்கான பலகையைத் தச்சரிடமே செய்துகொள்ளலாம்: 18 மி.மீ. பிளைவுட், இரண்டேகால் அடி நீளம், எட்டு முதல் பத்து அங்குல அகலம், இரு முனையும் சீவி மெலிந்திருக்க வேண்டும். வெறும் தோலோடு அதன் மேல் இழுபடக் கூடாது.

வெளியில் கழிவறை இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போவது நாங்கள் அடிக்கடி காணும் தவறு. விளைவு சிறுநீர்த் தொற்று, கல். குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பவர்கள் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். எனவே போகும் வழியில் எங்கே நிறுத்தலாம் என்பதை முந்தின நாளே பார்த்து வையுங்கள். கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதற்குக் கீழே வியர்க்காது; சேலத்து ஏப்ரல், மே வெயிலில் உடம்புச் சூடு இறங்க வழியில்லை. தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத்துண்டும் மடியில் இருக்கட்டும்.

நாற்காலியின் பிரேக் டயரை அழுத்தித்தான் நிறுத்துகிறது. டயரில் காற்று இறங்கினால் பிரேக் பிடிக்காது. கட்டிலிலிருந்து மாறும்போது நாற்காலி நழுவும். "பிரேக் போயிருச்சு" என்று கொண்டுவரப்படும் நாற்காலிகளில் பாதிக்குக் காற்று அடித்தாலே சரியாகிவிடும். 24 அங்குலச் சைக்கிள் டயர் எல்லாமே பொருந்திவிடாது; டயரின் பக்கவாட்டில் 37-540 போல ஓர் எண் இருக்கும், அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தறி ஓடும் வீடுகளில் முன்சக்கர அச்சில் நூல் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பிளேடால் அறுத்து எடுக்காவிட்டால் பேரிங் தேய்ந்து நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும். கொலுசுப் பட்டறை வேலை உட்கார்ந்து செய்வது, வீல்சேருக்குத் தோதானது. ஆனால் தரையில் அல்ல, அடியில் 70 செ.மீ. வெற்றிடமுள்ள மேசையில். மடியில் உணர்ச்சி இல்லாதவர் பற்றவைக்கும்போது தடித்த தோல் விரிப்பைத் தொடைமேல் போட்டுக்கொள்ள வேண்டும். பொறி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

ஏற்காடு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். காற்றுக் குஷனில் உட்காருபவருக்கு அது மேலே போகப் போக உப்பி விறைக்கும், உட்காருபவர் ஆடுவார். சரி என்று அங்கே கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவார். சாயங்காலம் அடிவாரம் வந்து சேரும்போது அதே குஷன் தொய்ந்து, எலும்பு நேரே பலகையில் உட்கார்ந்திருக்கும். உணர்ச்சி இல்லாத இடத்தில் சில மணி நேரத்தில் புண் தொடங்கிவிடும், ஆற மாதக்கணக்கில் ஆகும். எனவே ஏறியதும் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை கையைக் குஷனுக்கும் உடம்புக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள்: இடுப்பெலும்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவே அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் காற்று இருக்க வேண்டும். வளைவுகளில் உடல் ஒரு பக்கம் சரியும் என்பதால் முன்சீட்டும் மார்புப் பட்டையும் நல்லது.

இவ்வளவும் தன் வீட்டுக்கு. தெருவுக்கும் அலுவலகத்துக்கும் அடுத்தவருக்காகப் பேசப் போகும்போதும் முக்கால்வாசி வேலையை அதே இஞ்ச் டேப்தான் செய்கிறது. "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இல்லை" என்று எழுதிய மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். "நுழைவாயிலின் உயரம் 24 அங்குலம், சாய்தளத்தின் நீளம் 8 அடி, இருக்க வேண்டியது 24 அடி" என்று எழுதி, டேப் விரித்த நிலையில் எடுத்த படத்தை இணைத்தால் பதில் எழுதுபவருக்கு மழுப்ப இடமில்லை. கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியைச் சாய்தளத்தில் வையுங்கள். 4.8 டிகிரி காட்டினால் சரி. 14 காட்டினால் அது 4-க்கு 1.

சட்டம் கையில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, விதிகள் வந்து ஐந்தாண்டுக்குள் எல்லாப் பொதுக் கட்டடங்களையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. விதிகள் வந்தது ஜூன் 2017. கெடு முடிந்தது 2022. பொதுக் கட்டடம் என்றால் அரசு அலுவலகம் மட்டுமல்ல, மக்கள் புழங்கும் தனியார் கடையும் மருத்துவமனையும் கோயிலும்தான். 44-ஆம் பிரிவின்படி, இந்த வசதி இல்லாத புதுக் கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக் கூடாது. சட்டத்தை மீறினால் 89-ஆம் பிரிவில் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நவம்பர் 2024-ல் உச்ச நீதிமன்றம் அணுகல் விதி வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாயமான அளவுகளை வகுக்க உத்தரவிட்டது. வீல்சேருக்கும் பயன்படும் அந்த வழக்கைத் தொடுத்தவர் பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி.

அவர் பெயர் இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. வீல்சேரில் இருப்பவருக்குத் தெருவோர நடைபாதை தரையோடு தரையாக இறங்க வேண்டும்; பார்வையற்றவருக்கு அதே இடத்தில் நடைபாதை முடிகிறது என்று காலில் தட்டுப்பட வேண்டும். தனித்தனியாக மனு கொடுத்தால் ஒருவருக்கானது இன்னொருவரைத் தள்ளிவிடும். சரிவின் அடியில் புள்ளி வைத்த எச்சரிக்கை டைல்ஸ் போட்டால் இருவருக்கும் ஆகும். பைக் ஏறாமலிருக்க நடும் தூண்களுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ. விடச் சொல்லுங்கள். அடுத்தவருக்காகப் பேசும்போது அவரைக் கூட்டிக்கொண்டே போங்கள். வர முடியாவிட்டால், எதைச் சொல்லலாம் எதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஒருவருடைய கழிவறைச் சிரமம் கூட்டத்தில் சொல்லத் தக்கதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போனால் ஒரு மனுவில் ஒரே கோரிக்கை வையுங்கள். உதவித்தொகையையும் சாய்தளத்தையும் ஒன்றாக எழுதினால் மனு ஏதாவது ஒரு துறைக்குத்தான் போகும், மற்றது விழுந்துவிடும். பதிவு எண் இல்லாமல் திரும்பாதீர்கள். பதில் திருப்தியில்லையா, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. அந்தச் சாய்தளத்தின் மதிப்பீடு, வரைபடம், எம்-புக் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சாய்தள வேலை அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார். 2025-ல் தமிழக உள்ளாட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டு மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி வந்திருப்பதால், இனி இந்த அளவுகளை மன்றத்துக்குள்ளேயே எழுப்பலாம்.

மனு பலித்து வேலை தொடங்கிவிட்டால், திறப்பு விழா வரை காத்திருக்காதீர்கள். செங்கல் கட்டு எழும்பும் நாளில், கான்கிரீட் கொட்டும் முன்பே டேப்போடு போய் நில்லுங்கள். அன்றைக்கு மேஸ்திரி ஒரு வரிசைக் கல்லை எடுத்துவிட்டுச் சாய்தளத்தை இன்னும் நாலடி நீட்டுவார். ஒரு வாரம் கழித்துப் போனால் புது மதிப்பீடு வேண்டும் என்பார்கள்.