முயற்புழுக்கையும் மரபணுச் சுட்டியும்

திருகோணமலையில் மரபணு ஆய்வு பற்றிப் பேசப் போனால், மாணவரும் கமக்காரரும் கேட்பது ஒன்றுதான்: "காட்டுமுயலைப் பிடிக்காமல் இரத்தம் எப்படி எடுப்பீர்கள்?" இரத்தமே வேண்டாம், புழுக்கை போதும். குடலை உரசி வெளியேறும்போது குடற்சுவரின் கலங்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த முயலின் டீ.என்.ஏ. அவற்றில் இருக்கிறது.

யப்பானின் அமாமி முயலைப் பாருங்கள். அமாமி ஓஷிமா, தொக்குனோஷிமா என்ற இரண்டு தீவுகளில் மட்டுமே வாழும் கருமுயல் அது. ஹபு என்ற நச்சுப்பாம்பை ஒழிக்கவென்று 1979இல் அமாமி ஓஷிமாவில் கீரிகளை விட்டார்கள். கீரி பகலில் திரியும், ஹபு இரவில் திரியும்; இரண்டும் சந்தித்தால்தானே! கீரி முயலைத் தின்றது. கீரி ஒழிந்துவிட்டதாக அறிவிக்க 2024 ஆகிவிட்டது. இப்படி நொந்துபோன இனத்தைப் பொறிவைத்துப் பிடித்து எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை.

டீ.என்.ஏ.யின் எழுத்து வரிசையில் சில இடங்களில் "சீஏ சீஏ சீஏ" என்று ஒரே துண்டு அடுத்தடுத்து வரும். ஒரு முயலில் 12 தடவை, இன்னொன்றில் 15 தடவை. மைக்ரோசாட்டலைட் எனப்படும் இத்தகைய இடங்கள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தனி முயலையே அடையாளம் காணலாம்; இவற்றைத்தான் மரபணுச் சுட்டி என்கிறோம். வீட்டுமுயலுக்கு உருவாக்கிய சுட்டிகளைக் காட்டினத்துக்கும் போட்டுப் பார்ப்பது மலிவு. சில வேலையும் செய்யும். ஆனால் டீ.என்.ஏ.யைப் பிரதியெடுத்துப் பெருக்க உதவும் சிறு துண்டான பிரைமர் ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பிரதி பெருகாமல் போகலாம். தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததுமான இரண்டில் ஒன்று மறைந்தால், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கிய கூட்டம் என்று தவறாக எழுதிவிடுவோம். அதனால் அந்தந்த இனத்துக்கென்றே சுட்டி தேட வேண்டும். இதில் செலவைப் பார்க்கக் கூடாது.

பழைய புழுக்கை இன்னொரு தொல்லை. சிதைந்த டீ.என்.ஏ.யில் ஒரே முயல் இரண்டு முயலாகத் தெரியும். அருகும் இனம் பெருகியதாகக் கணக்கு வரும். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும், டீ.என்.ஏ.யைப் பெருக்கும் பீ.சீ.ஆர். சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

நிலாவெளி, குச்சவெளிப் பற்றைக்காடுகளில் ஓடும் நம் காட்டுமுயல் அரிய இனமல்ல. முறையைப் பழக அதுவே நல்லது. கச்சான் வீசும் மாதங்களில் புழுக்கை சீக்கிரம் காய்வதால் தாங்கும். மாரியில் ஓர் இரவு நனைந்ததை எடுக்காதீர்கள். விடியலில், ஈரப் பளபளப்பு மாறாததை மட்டும், கைபடாமல் குச்சியால் எடுத்து, தனித்தனிக் குழாயில் எதனோல் என்ற மதுசாரத்தில் போடுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இடத்தையும் திகதியையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எதனோல் பட்டால் கரைந்துவிடும்.