ஒரே அப்பா, மூன்று இனம்

போன மாதம் ஒருவர் மூன்று பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை என் மேசையில் விரித்து வைத்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மூன்றும் அவருடைய பிள்ளைகளுடையவை. தகப்பன் பெயர் ஒன்றுதான், அவர் பிறந்த திகதி ஒன்றுதான், அவர் பிறந்த இடமும் ஒரே தோட்டம்தான். தகப்பனின் இனம் என்ற கூட்டில் மட்டும் மூத்த மகனுடையதில் 'இந்தியத் தமிழ்', மகளுடையதில் 'இலங்கைத் தமிழ்', கடைசிப் பையனுடையதில் வெறும் 'தமிழ்'.

"இதுல எது மிஸ் சரி?" என்று கேட்டார்.

மூத்தவன் வெளிநாட்டு வேலைக்குப் போகத் தயாராகிறான். இந்தியத் தமிழ் என்று இருந்தால் கடவுச்சீட்டு எடுக்கும்போது சிக்கல் வரும், மாற்றித் தருகிறேன் என்று ஒரு தரகர் இருபதாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். இவரும் பத்தாயிரத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்தில் சட்டத்தரணியாக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காலங்கடந்த பிறப்புப் பதிவு, பெயர்த் திருத்தம், அடையாள அட்டைக்குச் சத்தியக்கடதாசி என்று வருகிறவர்கள் எழுந்து போகும்போது இதையும் கேட்பார்கள். நானும் நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பத்தாயிரத்தைக் கேட்ட பிறகுதான், இதை உட்கார்ந்து எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இனம் வேறு, பிரஜாவுரிமை வேறு. பத்திரத்தில் இந்தியத் தமிழ் என்று எழுதியிருப்பதால் யாரும் இந்தியப் பிரஜை ஆகிவிடுவதில்லை. அதை இலங்கைத் தமிழ் என்று மாற்றுவதால் புதிதாகப் பிரஜாவுரிமை கிடைக்கப்போவதும் இல்லை. வம்சாவளியால் பிரஜையானவரையும் பதிவால் பிரஜையானவரையும் 'இலங்கைப் பிரஜை' என்றே சொல்ல வேண்டும், இருவருக்கும் இடையில் எந்த வேறுபாடும் காட்டக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 26ஆவது உறுப்புரை. இனத்தின் பேரிலோ பிறந்த இடத்தின் பேரிலோ பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 12ஆவது உறுப்புரை. உங்கள் கடவுச்சீட்டில் 'இலங்கையர்' என்றுதான் இருக்கும். அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள், அதிலும் இனம் இல்லை. மகனின் பயணத்துக்கும் அந்தக் கூட்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. அதே பத்திரத்தில் கொஞ்சம் கீழே பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்று இன்னொரு கூடு. நேற்றுப் பிறந்த குழந்தையைப் பதிவதற்குப் பூட்டன் எங்கே பிறந்தார் என்று ஏன் கேட்க வேண்டும்? எத்தனையோ பேர் அந்த இடத்தில் ஒரு கோடு கீறிவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கேள்வியின் வேர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில், தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பிராவில் பிறந்தவருக்கு அந்தக் காலத்தில் பதிவு ஏது? தகப்பன் இதே மலையில் பிறந்து இதே மலையில் கொழுந்து பறித்திருந்தாலும் அதைக் காட்ட ஒரு கடதாசி இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனது அப்படித்தான். அடுத்த வருடமே வாக்குரிமையும் போயிற்று.

அப்புறம் 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எங்கே இருக்க விரும்புகிறாய் என்று அந்த மக்களைக் கேட்டு எழுதிய கணக்கல்ல இது. கப்பலேறி நீலகிரிக்குப் போனவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். இங்கே தங்கியவர்கள் 'கள்ளத்தோணி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் பேச்சு வாங்கினார்கள். மீதமிருந்த நாடற்ற நிலை 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, முக்கியமாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகுதான் தீர்ந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களுடைய சந்ததியினரையும் அந்தச் சட்டம் பிரஜைகளாக்கியது.

இவ்வளவும் பார்த்த குடும்பத்தில் 'இந்திய' என்ற சொல்லைக் கண்டால் வயிறு கலங்கத்தான் செய்யும். பாட்டனாரின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை இன்றைக்கும் பொலித்தீன் உறையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைத் தொலைத்துவிடாதீர்கள். பழைய பதிவுகளைத் தேடும்போது பல தடவை அது ஒன்றுதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

இனி அந்தக் கூட்டில் என்ன எழுதுவது என்ற விவாதத்துக்கு வருகிறேன். இதில் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. இந்தியத் தமிழர் என்ற வகை 1911 குடிசன மதிப்பீட்டில்தான் முதன்முதலாகத் தனியாக வந்தது. அதை நாமாகக் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் பெயரை விடக்கூடாது என்கிறார். இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் தோட்டங்களுக்கு வந்ததே அந்த உறவை வைத்துத்தானே என்பது அவர் வாதம். கொழும்பில் வேலை பார்க்கும் இளைஞர்களோ இலங்கைத் தமிழர் என்று எழுதிவிட்டால் அடுத்த கேள்வி வராது என்கிறார்கள். கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களிலும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எழுதிய பிறகும் காணி விடயத்திலும் கலியாண விடயத்திலும் 'தோட்டக்காட்டான்' என்ற பேச்சு அவர்களை விடவில்லை.

அவர்களில் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று கேட்பேன். 1953இல் நாட்டின் சனத்தொகையில் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்ட நாங்கள் சுமார் 12 வீதம். 1981இல் 5.5 வீதம். அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு கப்பலேற்றப்பட்டவர்களுடையது. 2012இல் 4.1 வீதம், ஆளெண்ணிக்கையில் சுமார் 8.4 இலட்சம். 2024இல் அது 2.8 வீதமாக, சுமார் 6 இலட்சமாக இறங்கியிருக்கிறது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எந்தக் கப்பலும் வரவில்லை. வெளிநாடு போனவர்களைக் கழித்தாலும், இந்த இறக்கத்தில் பெரும்பகுதி கூடு மாறி எழுதப்பட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன். லயங்கள் அப்படியேதான் இருக்கின்றன, வீட்டுக்கான பத்துப் பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்பவர்களும் அப்படியே இருக்கிறார்கள். கணக்கில்தான் குறைந்துவிட்டார்கள். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியரும் தோட்ட மருத்துவமனைக்கு வைத்தியரும் வேண்டும் என்று வாதாடும்போது, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். இந்த வேலையில் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப என் காதில் விழுந்திருக்கிறது.

2024 கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்' என்று இரண்டு பெயரும் சேர்ந்து வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். மலையகத் தமிழர் என்ற பெயரில் நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதைவிட எங்கே வாழ்கிறோம் என்பது இருக்கிறது. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட மண்ணின் பெயர் அது. என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் பெயரும் ஒருநாள் போய்விட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் வேறு பெயர் சொல்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. யாரோ ஒருவர் கேட்காமலே எழுதிவிட்டுப் போவதோடுதான் சண்டை.

அந்தத் தகப்பனுக்கு நடந்தது அதுதான். மூத்தவன் பிறந்தபோது தோட்ட ஆபிஸில் யாரோ நிரப்பினார்கள். மகளுடையதை டவுன் ஆஸ்பத்திரியில் நிரப்பினார்கள். கடைசிப் பையனுடையதைத் தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். "மூணு தடவையும் கையெழுத்து வைன்னாங்க, வச்சேன். என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கல மிஸ்."

கையெழுத்து வைக்கும் முன் அந்தப் படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் தகவல்தான் அங்கே பதிவாகிறது, அதனால் தகப்பனின் இனம், தாயின் இனம் இரண்டையும் நீங்களே வாயால் சொல்லுங்கள். பாட்டனார் இங்கே பிறந்திருந்தால் கோடு கீறாமல் அவருடைய பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஏற்கெனவே பதிந்ததில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் ஆதாரங்களோடு நேரே போய்க் கேட்கலாம். தரகர் தேவையில்லை. பிள்ளைகளின் பத்திரங்களில் வேறு வேறாக இருக்கிறது என்பதற்காக இரவோடு இரவாக ஓடவும் தேவையில்லை, அதனால் யாருடைய உரிமையும் போய்விடாது.

தரகருக்குக் கொடுத்த பத்தாயிரத்துக்குப் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மகன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான். மூன்று பத்திரங்களையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்ட தகப்பன், பிள்ளைகளோடு பேசிவிட்டு வருகிறேன் என்று போனார். மகள் உயர்தரம் படிக்கிறாள், அவளுக்கு இதில் ஏதோ சொல்ல இருக்கிறதாம். அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.