கொப்புள நீரோடு வெளியேறுவது என்ன?

தோசைக்கல்லில் விரல் பட்டால் கொப்புளம் எழும்பும். அது உடையும்போது வெளிர்மஞ்சளாக ஒரு நீர் வடியும். அதை வெறும் தண்ணீர் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து கசிந்தது. சூடாக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துத் திரியும். அவ்வளவு புரதம் அதில் இருக்கிறது.

விரல் நுனியோடு போனால் சரி. தோலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துவிட்டால், காயத்தில் சுரக்கும் வேதிப்பொருட்கள் உடம்பு முழுக்க ரத்த நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடும். தீ படாத இடம்கூட வீங்குவது அதனால்தான். கட்டு மாற்றிய சில மணி நேரத்திலேயே துணி நனைந்து, படுக்கை விரிப்பிலும் மஞ்சள் கறை படியும்.

இந்த இழப்பை ஈடுகட்டத்தான் டிரிப்ஸ். டல்லாஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்த கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 சதவீதத் தீக்காயம் என்றால், முதல் நாளில் மட்டும் 9.6 லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும். அதில் பாதி, காயம்பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள். உயிரைக் காப்பது இதுதான். ஆனால் அது உப்புக் கரைசல். மிச்சமிருக்கும் புரதம் அதில் இன்னும் நீர்த்துப்போகிறது.

வெளியேறுவது ரத்தத்தில் அதிகமாக இருக்கும் புரதமான ஆல்புமின் மட்டும் இல்லை. கிருமியை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருட்களும், அவற்றுக்குத் துணைநிற்கும் புரதங்களும் கூடவே போகின்றன. தோல் என்ற மதில் இடிந்த அதே நாட்களில் உள்ளே இருக்கும் காவலும் மெலிகிறது. வெந்து செத்த தோலோ கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். அங்கே ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் ஊசியில் போடும் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. முதலில் தோலிலேயே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகும். அப்புறம் சூடோமோனாஸ் போன்றவை வந்து குடியேறும்.

குறைந்த எதிர்ப்பொருளை ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு உயர்ந்தது. தொற்று எதிர்பார்த்தபடி குறையவில்லை. செத்த தோலைச் சீக்கிரம் வெட்டி எடுத்து, புதுத்தோல் ஒட்டுவதுதான் அதைவிடப் பெரிய பலன் தந்தது.

இதற்கிடையே கல்லீரல் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்து, சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்) போன்ற அவசரகாலப் புரதங்களை அள்ளிக் கொட்டுகிறது. நலமாக இருப்பவருக்கு லிட்டருக்கு சில மில்லிகிராமே இருக்கும் சி.ஆர்.பி., பெரிய தீக்காயத்தில் நூறைத் தாண்டும், தொற்றே இல்லாவிட்டாலும். ஆகவே ஒரு நாள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். இறங்கிக்கொண்டிருந்த எண் திரும்ப ஏறினால்தான் மருத்துவர் கிருமியைத் தேட ஆரம்பிப்பார்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முட்டையும் மீனும் கொடுத்தால் புண் சீழ் வைக்கும் என்று நம்மூரில் பலர் அவற்றை நிறுத்திவிடுகிறார்கள். கஞ்சியும் ரொட்டியுமாக நாட்கள் போகும். பெரிய தீக்காயக்காரருக்கு எடையில் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் புரதம் தினமும் வேண்டும்; 60 கிலோ என்றால் 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்.