ஈரக்காற்றில் மிட்டாய்: சாக்லேட், கேரமல், பருப்பு வகைகளை வீட்டில் செய்வோர் கவனத்துக்கு

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எங்களிடம் அதிகம் வரும் புகார் இரண்டு. கேரமல் மறுநாளே கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. சாக்லேட் வெள்ளை பூத்துவிட்டது. கைப்பக்குவத்தைக் குறை சொல்வதற்கு முன் காற்றைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மழையில்லாத பிற்பகலில்தான் 60-ஐ ஒட்டி இறங்கும். சர்க்கரை அந்த ஈரத்தை உறிஞ்சும். அதனால் மழை நாளில் கேரமல் காய்ச்சாதீர்கள். மற்ற நாளிலும் ஏர்கானை ஒரு மணி நேரம் முன்பே 22 டிகிரியில் ஓடவிட்டு, சன்னலைச் சாத்திய அறையில்தான் ஆறவைப்பதும் வெட்டுவதும்.

முதல் வேலை பருப்பு. பாதாமோ முந்திரியோ 200 கிராம், அவனில் 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே இளம்பழுப்பு தெரிந்தால் போதும், சூட்டில் அது இன்னும் கொஞ்சம் சிவக்கும். வாங்கியதுமே ஒன்றைக் கடித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது. காறல் வாடை வந்தால் வறுத்தாலும் போகாது. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்ததும் சுருங்கியதும் நிறம் மாறியதும் இருந்தால் எறிந்துவிட வேண்டும். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சை வறுத்து முழுவதும் போக்க முடியாது. மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம்.

கேரமலுக்குச் சர்க்கரை 200 கிராம், குளுக்கோஸ் சிரப் 80 கிராம், தண்ணீர் 50 மில்லி, விப்பிங் கிரீம் 200 மில்லி, வெண்ணெய் 60 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. குளுக்கோஸை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது, சர்க்கரை மறுபடி குருணை கட்டாமல் தடுப்பது அதுதான். சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர் மூன்றும் கரைந்து கொதித்த பிறகு கரண்டி போடாதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு குருணை உள்ளே விழுந்தாலே மொத்தமும் மணல் மாதிரி ஆகிவிடும். ஈரப் பிரஷால் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே வாருங்கள்.

தேன் நிறம் தாண்டிச் செம்பு நிறம் வரும்போது பாகு 170 டிகிரியை ஒட்டி இருக்கும். அடுப்பை அணைத்து, சூடாக்கிய கிரீமைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமை அப்படியே ஊற்றினால் பாகு கட்டிதட்டும், ஆவியும் சீறியடிக்கும். எப்படி ஊற்றினாலும் நுரை பொங்கி மேலே வரும், ஆகவே பெரிய பாத்திரம், நீளக் கை சட்டை, சமையலறைக்கு வெளியே பிள்ளைகள். பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பிறகு வெண்ணெயும் உப்பும் சேர்த்து மிதமான தீயில் காய்ச்சுங்கள். குளிர்நாட்டுச் செய்முறைகளில் 118 டிகிரி என்று இருக்கும். இந்த ஊருக்கு 120 சரி. 124-ஐத் தாண்டினால் பல்லைப் பெயர்க்கும். பாட்டிமார் முறையும் பொய்க்காது: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் உருண்டை கைக்கு உறுதியாக நிற்க வேண்டும். வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் முதலில் சோதியுங்கள். 98 காட்டினால், எட்டவேண்டிய அளவிலிருந்து அந்த 2 டிகிரியைக் கழித்து, 118 காட்டும்போதே நிறுத்துங்கள். சூடான பருப்பைக் கலந்து, காகிதம் விரித்த தட்டில் ஊற்றி, ஆறியதும் வெட்டி உடனே ஒவ்வொன்றாகச் சுற்றிவிடுங்கள்.

சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் இருந்தால்தான் டெம்பரிங், அதாவது உருக்கிக் குறிப்பிட்ட சூட்டுக்கு ஆறவைத்துப் பதப்படுத்துவது, தேவை. பொட்டலத்தில் பாம் கர்னல் எண்ணெய் என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட், கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்தது. உருக்கினால் போதும், சுவையும் அந்த அளவுதான். இரண்டையும் கலக்காதீர்கள். 300 கிராம் கறுப்பு சாக்லேட்டில் 200 கிராமை வெந்நீர்மேல் வைத்த கிண்ணத்தில் 45 முதல் 48 டிகிரிவரை உருக்கி, மீதி 100 கிராமைப் பொடியாக நறுக்கிப் போட்டு 31-32 வரும்வரை கிளறுங்கள். கத்தி நுனியில் தொட்டு வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் பதம் சரி. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் களிமண்போல இறுகிவிடும், ஆகையால் கிண்ணத்தின் அடியைத் துடைத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

வெள்ளைப் பூப்பிலும் இரண்டு வகை. விரலால் தேய்த்ததும் மறைந்தால் அது கொழுப்பு, டெம்பரிங் தவறியிருக்கிறது. சொரசொரவென்று இருந்து தேய்த்தும் போகாவிட்டால் அது சர்க்கரை: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே வேர்த்து, சர்க்கரை கரைந்து, மறுபடி காய்ந்த தடம். ஃபிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டும் என்றால் மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலிருந்து சிறிய அளவில் செய்து விற்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. சாப்பிடுபவரின் பாதுகாப்புக்குப் பொறுப்பு உங்களுடையதுதான். ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பெட்டியில் நிலக்கடலை, பாதாம், முந்திரி, பால் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். சாக்லேட்டில் சோயா லெசித்தின் இருந்தால் அதையும். பருப்பில்லாத மிட்டாயையும் அதே கரண்டி, அதே தட்டில் செய்திருந்தால், "பருப்பில்லாதது" என்று எழுத உங்களுக்கு வழியில்லை.